பெங்களூருக்கு முந்தின நாள்

பி.எஸ்சி. இரண்டாமாண்டு செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடம். பிந்து அங்கே உதவிப் பேராசிரியை. பிள்ளைகள் ஊசலை ஆட்டிவிட்டு, ஆட்டங்களை எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டிய இடத்தில் பதினொன்று சொச்சம் வந்திருந்தது. அழுதுவிடுவாள் போல நின்றாள். திரும்ப எண்ணிப் பார் என்று சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிந்து கைப்பேசியைத் திறந்தாள்.

உலகத்து இயற்பியல்காரர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சாவதற்கு முன்பே போட்டு வைக்கும் இணையதளம் ஒன்று உண்டு. காலையில் காப்பி குடிக்கும்போது அதைப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று தேர்வு அவசரத்தில் பார்க்கவில்லை. இப்போது பார்த்தபோது புதிய கட்டுரைகளின் நடுவே, அவளோடு படித்த ஜெபிஷின் பெயர் இருந்தது. கூடவே கிளாரா என்ற இன்னொரு பெயர். அவள் ஜெபிஷ் வேலை பார்க்கும் நெதர்லாந்து ஆய்வு நிறுவனத்தில் அவனுடைய குழுவின் தலைவி.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. என்னிடம் சொல்லாமல் ஒரு கட்டுரை போட்டிருக்கிறானே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சுருக்கத்தை வாசித்தாள். ஈர்ப்பு விசையின் நடுக்கத்துக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு என்று ஏழாம் மேற்கோளில் நிறுவியிருப்பது தவறு என்று இக்கட்டுரையில் காட்டுகிறோம் என்று இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்தில் மேற்கோள் கட்டுரைகளின் பட்டியலுக்குப் போனாள். ஏழாம் மேற்கோளில் இரண்டு பெயர்கள். ஒன்று ஜெபிஷ். மற்றது அவள்.

ஊசல் ஆட்டிய பெண் வந்து, "மிஸ், இப்பம் ஒம்பது புள்ளி ஆறு வருது, போதுமா?" என்று கேட்டாள். போதும் என்று சொன்னாள் பிந்து. அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஜெபிஷும் பிந்துவும் நாகர்கோவிலில் எம்.எஸ்சி. ஒன்றாகப் படித்தவர்கள். அவன் நெய்யூர்க்காரன், அவள் திருவட்டாறு. வகுப்பில் மற்றவர்கள் வங்கித் தேர்வுக்கும் ஆசிரியர் தேர்வுக்கும் படித்தபோது இவர்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று சண்டை போடுவார்கள். பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும். சண்டை எப்போதும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்.

இயற்பியலில் இரண்டு பெரிய கோட்பாடுகள் இருக்கின்றன. எடையுள்ள எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது, அந்த வளைவுதான் ஈர்ப்பு என்கிறது ஒன்று. அணுவைப் போன்ற சின்னப் பொருள் ஒரே சமயத்தில் இங்கேயும் அங்கேயும் இருக்க முடியும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. தனித்தனியாக இரண்டும் இதுவரை தோற்றதில்லை. ஆனால் இங்கேயும் அங்கேயும் இருக்கிற துகள் எந்த இடத்தில் வெளியை வளைக்கும் என்று கேட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்ல மறுக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஈர்ப்பையும் குவாண்டமாக மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். ஈர்ப்பு பழையபடியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்பவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. அப்படி இருந்தால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஈர்ப்பு எந்நேரமும் தற்செயலாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் நடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

இந்த நடுக்கம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்ற கேள்வியைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வருடங்கள் ஓடியிருந்தன. ஜெபிஷ் சென்னையில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்து நெதர்லாந்துக்குப் போயிருந்தான். பிந்து திருநெல்வேலியில் முடித்து, சிவபிரசாத்தைக் கல்யாணம் செய்து, இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஞாயிறு மத்தியானம், இவள் சாப்பாடு முடிந்த நேரம், அங்கே அவன் தூங்கி எழுந்திருக்கும் நேரம், கூப்பிடுவான். ஒருவர் காகிதத்தை மற்றவர் கேமராவில் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். சிவபிரசாத் நாகர்கோவிலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். உனக்க பார்ட்னர் விளிச்சாச்சா என்று கேலி செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களை அவரே கழுவி வைப்பார்.

ஜெபிஷின் அம்மா சத்தியபாய் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, தனியாக இருந்தார். அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது மகனுக்கு உடனே வரமுடியவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும், வீட்டுக்கு வந்தபிறகு நடக்கப் பழக்கியதும் பிந்துதான். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மக்களே என்றுதான் அந்த அம்மா அவளைக் கூப்பிடுவார். வீட்டுச் சாவி ஒன்று பிந்துவிடமும் இருந்தது.

கணக்கு முடிந்து கட்டுரை வெளிவந்தபோது அது கொஞ்சம் கவனிக்கப்பட்டது. ஈர்ப்பு குவாண்டமாக இல்லையென்றால் அது குறைந்தது இவ்வளவு நடுங்கவேண்டும், உலகத்தில் இருக்கிற நுட்பமான தராசுகள் எதுவும் அந்த அளவு நடுக்கத்தைப் பார்க்கவில்லை, ஆகவே ஈர்ப்பு பழையபடி இருக்கமுடியாது என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு அறிவியல் பத்திரிகை ஒன்று அதைப்பற்றி ஒரு பக்கம் போட்டது. கல்லூரி வாசலில் பிந்துவின் படத்துடன் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கருங்கல்லில் பள்ளி ஆசிரியையாக இருந்த சஜிதா, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரை ஏற்பாடு செய்துவிட்டு, பகுதிநேரமாக பிந்துவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அந்தக் கீழ்வரம்பின் மேல்தான் அவளுடைய ஆய்வேடு முழுவதும் நின்றது.

பெங்களூரில் போன டிசம்பரில் ஒரு மாநாடு. இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். தன்னால் வரமுடியாது, நீயே போய்ப் பேசு என்று ஜெபிஷ் சொல்லிவிட்டான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து குறிப்புகளைப் புரட்டும்போது ஒரு படி அவளை உறுத்தியது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பல ஞாயிறுகள் பேசிப் பேசிப் போட்ட படிதான். ஒரு புள்ளியில் ஈர்ப்பு நடுங்குவதற்கும் அதன் பக்கத்துப் புள்ளியில் நடுங்குவதற்கும் தொடர்பில்லை என்று எடுத்திருந்தார்கள். யாராவது அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று ஜெபிஷைக் கூப்பிட்டுக் கேட்டாள்.  லைன் போய்விட்டதா என்று அவள் திரும்பக் கேட்கவேண்டியிருந்தது.

"அதெல்லாம் நாம பாத்ததுதானே பிந்து," என்றான். "நீ தைரியமா போ."

மறுநாள் முன்வரிசையில் இருந்த, காதில் கருவி வைத்த ஒரு வயதானவர் அதையேதான் கேட்டார். பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்து நடுங்கினால் உங்கள் வரம்பு என்ன ஆகும் என்றார். அரங்கம் நிறைந்திருந்தது. நாங்கள் அதைச் சரிபார்த்துவிட்டோம் என்று பிந்து தெளிவான குரலில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் நன்றாக இருந்தது.

இதெல்லாம் தேர்வுக்கூட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மத்தியானம் ஜெபிஷைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். பிறகு ஒரு செய்தி வந்தது. மே மாதம் ஊருக்கு வருவதாகவும் நேரில் பேசலாம் என்றும் இருந்தது.

ஈஸ்டர் விடுமுறையில் அவள் அந்தக் கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் ஒரு பிழை இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். இவ்வளவு ஆசையோடு இன்னொருவர் கணக்கை அவள் எப்போதும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்த்தாள். பிழை இல்லை. முட்டத்திலிருந்து கடலுக்குப் போகிற படகில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால், படகு முழுவதும் சேர்ந்து ஆடும்போது ஒருவர் கண்ணுக்கு மற்றவர் ஆடுவது தெரியாது. அதுபோலத்தான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்து நடுங்கினால் தராசும் கூடவே ஆடிவிடும், நடுக்கம் தெரியவே தெரியாது. தராசுகள் ஒன்றையும் பார்க்கவில்லை என்பதால் எதையும் முடிவு செய்ய முடியாது. ஈர்ப்பு குவாண்டமா இல்லையா என்ற கதவு அவர்கள் மூடிய மாதிரி மூடவே இல்லை. எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தபிறகு அது பளிச்சென்று தெரிந்தது. பெங்களூரில் அந்தப் பெரியவருக்குத் தெரிந்த அளவுக்குத் தெளிவாக.

தவறு செய்தது அவளைப் பெரிதாக வருத்தவில்லை. இந்தத் துறையில் தவறு செய்யாதவர் யாரும் இல்லை. என்னை ஏன் விட்டுவிட்டான் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஒருவேளை கிளாராதான் கண்டுபிடித்தாளோ, இவனைக் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டாளோ, சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டானோ என்று அவனுக்காக அவளே காரணங்களைத் தேடினாள்.

அந்தக் காரணங்களும் நீடிக்கவில்லை. கிளாராவின் பெயரைத் தேடியபோது ஒரு காணொளி கிடைத்தது. முந்தைய செப்டம்பரில் எங்கோ ஒரு கருத்தரங்கில் அவள் இதே விஷயத்தைச் சுருக்கமாகப் பேசியிருந்தாள். நாற்பது பேர்கூடப் பார்த்திராத காணொளி. நல்ல பெண்மணியாகத்தான் தெரிந்தாள். பேச்சின் தொடக்கத்திலேயே, இதை முதலில் கவனித்தவர் என் குழுவின் ஜெபிஷ், ஜூன் மாதம் ஒரு நாள் என் அறைக்கு வந்து தன் சொந்தக் கட்டுரையே தவறு என்று சொன்னார், அந்த நேர்மையை நான் மதிக்கிறேன் என்றாள். பிந்து நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டாள். ஜூன் என்றுதான் சொல்லியிருந்தாள். பெங்களூர் டிசம்பரில்.

அவள் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்றாள். சிவபிரசாத் என்ன ஆச்சு என்று கேட்டபோது சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுடைய நிறுவனத்துக்கு எழுதிப் போடு, இப்படி ஒரு ஆளை வைத்திருக்கிறீர்களே என்று கேள் என்றார். என்ன எழுதுவது என்று பிந்து யோசித்துப் பார்த்தாள். ஒருவன் தன் தவறைக் கண்டுபிடித்தான், அதை உலகத்துக்குச் சொன்னான். படிக்கிறவர்களுக்கு அது நல்ல காரியமாகத்தான் தெரியும். எந்த விதியையும் அவன் மீறவில்லை. அவன் செய்தது என்னவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு ஒரு பெயர்கூட இல்லை.

சஜிதாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவளுக்குச் சில மாதங்களே இருந்தன. பிந்து அவளைத் துறை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். சஜிதா கடைசிவரை கேட்டாள். அப்பம் எனக்க மூணு அத்தியாயமும் போச்சா என்றாள். போச்சு என்றாள் பிந்து.

சஜிதா கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மிஸ்ஸுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"இல்ல சஜிதா. எனக்கும் இப்பம்தான் தெரியும்."

"சார் வாரா வாரம் உங்ககிட்ட பேசுவாங்களே. சொல்லாமலா இருந்திருப்பாங்க?"

 சஜிதா சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, குழந்தையைக் கூட்டிவர நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. அவள் இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்கமாட்டோம் என்று பிந்து நினைத்தாள். ஜெபிஷ் செய்ததில் அவளுக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். அவன் அவளை ஏமாற்றியதோடு நிற்கவில்லை, அவளையும் ஏமாற்றுக்காரியாகத் தெரிய வைத்துவிட்டான் என்று பட்டது. சஜிதா அதன்பிறகு பல வாரங்கள் கல்லூரிப் பக்கம் வரவில்லை.

மே மாதம் ஜெபிஷ் வந்தான். வந்த மறுநாளே கூப்பிட்டு வீட்டுக்கு வரச்சொன்னான். சத்தியபாய் முன்னால் இதைப் பேச அவளுக்கு விருப்பமில்லை. முட்டத்துக்கு வா என்றாள். படிக்கிற காலத்தில் வகுப்போடு போன இடம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் இருக்கிற பக்கம் அவன் வாடகைக் காரில் வந்து இறங்கினான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவள் பஸ்ஸில் வந்திருந்தாள்.

விடுமுறை ஆதலால் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் பாறைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒதுக்கமாக ஒரு இடம் தேடி உட்கார்ந்தார்கள். அம்மாவின் நடை எப்படி இருக்கிறது, சிவபிரசாத் சுகமா என்று அவன் ஆரம்பித்தான். அவள் அதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை.

"எப்பம் தெரிஞ்சுது ஜெபி?"

"ஜூன்ல."

"பெங்களூருக்கு முந்தின நாள் உன்ன விளிச்சுக் கேட்டேன். இதே கேள்விய."

"கேட்ட."

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். அங்கே அவனுடைய வேலை ஒப்பந்த வேலை. இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த வயதில் இன்னொரு நாட்டில் இன்னொரு தற்காலிக வேலைக்குப் போக அவனால் முடியாது. கிளாரா நினைத்தால் நிரந்தரமாக்கலாம். ஆனால் அவன் பெயரில் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த ஒரே நல்ல கட்டுரையும் தவறு என்று ஜூனில் தெரிந்தபோது அவன் பல நாள் தூங்கவில்லை. கிளாராவிடம் போய்ச் சொன்னபோது, இது தவறு என்று மட்டும் சொல்லாதே, ஏன் தவறு என்பதைப் பொதுவாக நிறுவினால் அது பெரிய முடிவு, சேர்ந்து செய்வோம், முடியும்வரை வெளியே சொல்லவேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவளே செப்டம்பரில் அந்தச் சின்னக் கூட்டத்தில் வாய்விட்டுவிட்டது தனக்குப் பிறகுதான் தெரியும் என்றான்.

"வெளியன்னா நானா?" என்று கேட்டாள் பிந்து.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "உங்கிட்ட சொல்லியிருந்தா நீ என்ன செய்திருப்ப? அன்னைக்கே எல்லாருக்கும் எழுதிப் போட்டிருப்ப. எனக்குத் தெரியும்லா உன்ன."

"ஓ. எழுதியிருப்பேன். ரெண்டுபேரு பேருலயும் எழுதியிருப்பேன்."

"நாம ரெண்டுபேரும் எழுதினா அது செஞ்ச தப்பத் திருத்துனதா இருக்கும். கிளாராகூட எழுதினா அது கண்டுபிடிப்பு. அங்க அப்படித்தான் ஏட்டி."

ஏட்டி என்று அவன் உரிமையோடு கூப்பிட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடமாக அது காதில் சாதாரணமாக விழுந்துகொண்டிருந்த சொல்.

அந்த மாநாட்டை நேரலையில் ஒளிபரப்பியிருந்தார்கள். அது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"நான் பேசினத நீ பாத்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தேன்."

"அந்தப் பெரியவரு கேட்டதயும்?"

"எல்லாத்தயும் பாத்தேன்."

அதன்பிறகு அவன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். முந்தின நாளே சொல்லத்தான் வாயெடுத்தேன், பயமாகிவிட்டது, நீ போகாமல் இருந்துவிடுவாய் என்று நினைத்தேன், போகாவிட்டால் ஏன் என்று எல்லாரும் கேட்பார்கள் என்று என்னென்னவோ சொன்னான். கண் கலங்கினான். இன்னொரு யோசனை கைவசம் இருக்கிறது, கிளாராவுக்கு அதில் பங்கில்லை, உன் பெயரை முதலில் போட்டு இரண்டு பேரும் செய்வோம் என்றான். நடுக்கம் எவ்வளவு தூரம் சேர்ந்து இருக்கும் என்பதை அளக்க ஒரு வழி. நல்ல யோசனைதான். கேட்கும்போதே அவள் மனம் தன்னையறியாமல் முதல் படியைப் போட்டுப் பார்த்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இனிமே நீ ஒரு படி சரின்னு சொன்னா நான் எப்படி ஜெபி நம்ப?" என்றாள். "நம்பாம ரெண்டுபேரு சேந்து கணக்கு போட முடியாது."

காரில் கொண்டுவிடுகிறேன் என்று அவன் கூடவே வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். பஸ் வர வெகுநேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் தூரத்தில் காரை நிறுத்திக்கொண்டு போகாமலே இருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று பிந்து பத்திரிகைக்கு எழுதினாள். அதற்கு இருவர் சம்மதமும் வேண்டும். ஜெபிஷ் அன்றே சம்மதம் அனுப்பினான். கல்லூரி முதல்வர் அவளை அழைத்து, அவர்கள்தான் மறுத்து எழுதிவிட்டார்களே, நாமாகப் போய் ஏன் திரும்பப் பெறவேண்டும், இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று மெதுவாகக் கேட்டார். தெரியாதவர்களுக்காக இல்லை சார் என்று சொன்னாள். வாசலில் இருந்த ஃபிளெக்ஸை எடுத்துவிடச் சொன்னாள். அதைக் காவலாளி தன் பைக் நனையாமல் மூட எடுத்துக்கொண்டார்.

பெங்களூரில் கேள்வி கேட்ட பெரியவரின் முகவரியைத் தேடி ஒரு மின்னஞ்சல் எழுதினாள். உங்கள் ஐயம் சரி, நான் சொன்ன பதில் தவறு, அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதினாள். கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டுப் பிறகு திரும்பவும் சேர்த்தாள். அவர் இரண்டே வரியில் பதில் போட்டார். கேள்வி கேட்டது நினைவிருக்கிறது, நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் நான்தான் எங்கோ தவறு செய்கிறேன் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். 

ஜூலையில் சஜிதா வந்தாள். வேறு வழிகாட்டியிடம் மாறிவிடலாமா என்று விசாரித்துப் பார்த்ததாக அவளே சொன்னாள். இந்த விஷயம் தெரிந்தவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ஆய்வேட்டைத் திருப்பி எழுதுவதென்று முடிவு செய்திருந்தாள். நடுக்கம் கிடையாது என்று நிறுவுவதற்குப் பதிலாக, நடுக்கம் எவ்வளவு ஒளிந்துகொள்ளலாம், அதைப் பிடிக்க எவ்வளவு நுட்பமான தராசு வேண்டும் என்று கணக்கிடுவது. குறைந்தது இன்னும் ஒரு வருடம் ஆகும். பள்ளியில் விடுப்பு கிடைக்குமா என்பது வேறு கவலை. பிந்து சரி என்றாள்.

முன்பெல்லாம் பிந்து ஒரு படியைச் சொன்னால் சஜிதா குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவாள். இப்போது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு மறுவாரம் வந்துதான் ஒப்புக்கொள்கிறாள். ஒரு நாள் பிந்து போட்டதில் ஒரு குறி தவறு என்று காட்டினாள். அதுதான் முறை என்று பிந்துவுக்குத் தெரியும். ஆனாலும் சஜிதா அந்தக் காகிதத்தை வாங்கும்போது அவள் முகத்தில் இருந்த எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் பிந்துவைச் சுட்டது.

ஜெபிஷுக்கு வேலை நிரந்தரமானது என்று யாரோ சொல்லித் தெரிந்தது. அவனிடமிருந்து அவ்வப்போது செய்தி வரும். பிறந்தநாளுக்கு ஒன்று, ஓணத்துக்கு ஒன்று. அவள் பதில் போடவில்லை. நெய்யூருக்குப் போவதும் குறைந்துபோயிருந்தது. கல்லூரியில் வேலை என்று போனில் சொல்வாள். சத்தியபாய் சரி மக்களே என்பார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை திருவட்டாறில் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கைத்தடியை முதலில் வெளியே ஊன்றி, பிறகு மெல்ல இறங்கியவர் சத்தியபாய். அவ்வளவு தூரம் தனியாக வந்திருந்தார். பிந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஏன் வந்தீர்கள், ஒரு போன் செய்திருந்தால் நான் வந்திருப்பேனே என்றாள். வந்திருக்கமாட்ட என்றார் அந்த அம்மா சாதாரணமாக. சிவபிரசாத் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்துவிட்டு, பேசட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சத்தியபாய் சொன்னார்.

"போன வாரம் போன்ல கேட்டேன் அவன்கிட்ட, பிந்து எதுக்கு இப்பம் வாறதில்லன்னு. பறஞ்சான். கணக்கு எனக்கு மனசிலாவல்ல. அவன் பறையும்போ காமெராவ வேற பக்கம் திருப்பி வச்சிருந்தான். சின்னதுல இருந்தே தப்பு செய்தா அவன் எனக்க மொகத்தப் பாக்கமாட்டான்."

 வீட்டுக்கு வெளியே யாரிடமும் விளக்க முடியாமல் இத்தனை மாதம் பிந்து தனக்குள் வைத்திருந்த விஷயம் அது. தவறு என்று ஒருவர் சொன்னதும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் அவனுக்கு எழுதமாட்டேன்," என்றாள். "அதுக்காக வந்திருந்தா..."

"எழுதாண்டாம். நான் அவனுக்க காரியத்துக்கு வரல்ல. அவனுக்குப் பேச வாய் இருக்கு." சத்தியபாய் கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். "நீ என்னப் பாக்க வருவியா, இல்ல இனி வரமாட்டியான்னு கேக்கத்தான் வந்தேன். வரல்லன்னா அத எங்கிட்ட நேர பறஞ்சிரு. போன்ல வேலன்னு சொல்லாத."

அந்த வீட்டை பிந்து நினைத்துப் பார்த்தாள். கூடத்தில் அவன் பட்டம் வாங்கும் படம். மேஜைக்குப் பக்கத்தில் அவன் வந்தால் உட்காரும் நாற்காலி. அங்கே போய் உட்கார்ந்து, அவனைப் பற்றிப் பேசாமல், அந்த அம்மாவின் காலைப் பிடித்து மடக்கி நீட்டவேண்டும். சத்தியபாய் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"வருவேன்மா," என்றாள் பிந்து கடைசியில். "அவன் ஊர்ல இல்லாதப்பம் வருவேன். அவனப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் பேசப்படாது."

"செரி," என்றார் சத்தியபாய்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மழை வருகிறமாதிரி இருக்கிறது என்று அந்த அம்மா கிளம்பிவிட்டார். ஆட்டோவில் ஏற்றி, கைத்தடியைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குண்டும் குழியுமான ரோடு, மெதுவாகப் போங்க என்று பிந்து ஓட்டுநரிடம் சொன்னாள். வருவேன் என்று சொல்லியாயிற்று. எப்போது என்று சத்தியபாய் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.